கால் மறந்த அரணை

சத்தம் போடாமல் கேளுங்கள். ஒரு தடவைதான் சொல்வேன்.

மனிதன் கால் படாத காலத்தில் செம்மணல் மேடான ஒரு தேரி இருந்தது. ராஜா கிடையாது, மந்திரி கிடையாது. ஒரே ஒரு உடைமரம். அதன் வேரடியில் மட்டும்தான் ஈரம்.

அந்த ஈரத்துக்கு ஒரு வழக்கம். கோடை வந்தால், உச்சி வெயிலில் மணலைத் தாண்டி மரத்தை முதலில் தொடுகிறவருக்கே வேரடி. பனங்காடைப் பறவைதான் நடுவர்.

அந்த வருஷம் மூன்று பேர் வந்தார்கள். உடும்பு முரடப்பன், ஓணான் ஒய்யாரன், அரணை வழுக்கன்.

வழுக்கனுக்குக் கால்கள் அரிசி நீளம். ஆனால் வளையில் அதன் மனைவி மினுக்கி வயிறு கனத்துக் கிடந்தது. காய்ந்த மணலில் இட்டால் முட்டை வெந்துபோகும். விளையாட்டா என்ன?

ஓணான் தலையை ஆட்டிச் சிரித்தது. "அரணைக்கு மறதிடா! பாதி வழியில எங்க போறோம்னே மறந்துடுவான்."

"கடிக்க வந்துட்டு, எதுக்கு வந்தோம்னு முழிக்கிற குலமாச்சே!" என்றது உடும்பு.

பனங்காடை கத்தியது. மூன்றும் ஓடின.

ஓணானுக்குக் கால் சுட்டது. ஒரு காலைத் தூக்கியது, மறு காலைத் தூக்கியது, நின்றேவிட்டது. உடும்புக்கு வயிறு சுட்டது. குழி பறித்துப் படுத்துவிட்டது. அரணைக்குக் காலும் சுட்டது, வயிறும் சுட்டது.

இவர்களைப் போல ஓடி நான் ஏன் கெட வேண்டும் என்று நினைத்தது வழுக்கன். நாலு காலையும் விலாவோடு ஒட்டிக்கொண்டது. உளிபோன்ற மூக்கை மணலில் குத்தியது. ஒரு நெளி. ஆளைக் காணோம்!

"பாத்தியா, மறந்துபோய்ப் புதைஞ்சுட்டான்!" என்று கூத்தாடியது ஓணான்.

மேலே அனல். ஒரு சாண் கீழே இதம். வழுக்கன் மீனைப் போல நீந்தியது. செதிலில் ஒரு மணல்கூட ஒட்டவில்லை. ஆனால் ஒரே இருட்டு. மரம் எந்தப் பக்கம்? இடப்பக்கம் காய்ந்த மணல். வலப்பக்கமும் காய்ந்த மணல். நேரே, லேசாக ஈரம். அட! வயிற்றால் ஈரத்தைத் தடவித் தடவியே போனது.

வேரடி மண் பிதுங்கியது. பளபளவென்று ஒரு தலை எட்டிப் பார்த்தது.

பனங்காடை வானத்தில் குட்டிக்கரணம் போட்டது. "வழுக்கன் ஜெயிச்சாச்சு!"

வெயில் தணிந்ததும் ஓணான் நொண்டிக்கொண்டு வந்தது. "எப்படிடா வந்தே?"

"நீ சொன்னது சரிதான் மச்சான். பாதி வழியில மறந்துட்டேன்."

"எதை?"

"எனக்குக் கால் இருக்குங்கிறதை."

பின்னாலேயே வந்த உடும்புக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மினுக்கி வந்து, குளுகுளு மண்ணில் முட்டையிட்டது.

அவ்வளவுதான் கதை. நீதியை வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்: தன் பலம் தெரிந்தவன், அடுத்தவன் ஓடுகிற வழியில் ஓடமாட்டான்.