சல்லடை வழியே ஒரு தாலாட்டு

“மேடம், என் காதுலயும் குறை இல்ல, இந்த ஹெட்போன்லயும் குறை இல்ல. அப்ப குறை எங்கதான் இருக்கு?”

பொன்னரசு வாசலிலேயே நின்று கேட்டான்.

ஜெய்னப் தரையில் உட்கார்ந்து மைக் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு மூட்டை வயர். ரெக்கார்டிங் முடிந்த கையோடு யாரோ அள்ளி வந்து கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

“முதல்ல உட்காருங்க அண்ணே. டீ சொல்லவா?”

“டீ வேணாம் மேடம். பதில் சொல்லுங்க.”

“டீ சொல்றது சுலபம். அதான் அதை முதல்ல கேட்டேன்.”

சாலிகிராமத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. பாடியவர் குரல், வயலின், தபலா எல்லாம் தனித்தனியாகப் பதிந்து அங்கே வரும். எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று முடிவு செய்து, ஒரே பாட்டாகக் கலந்து அனுப்புவது ஜெய்னப்பின் தொழில். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அந்தத் தெருவே சொல்லும். அந்தத் தெரு சுலபத்தில் யாரையும் பாராட்டாது.

பொன்னரசு அவரைவிடப் பத்து வயசு பெரியவன். டிவி சீரியல்களுக்குச் சத்தம் சேர்த்தே தலை நரைத்தவன். மாமியார் கதவைச் சாத்தும் சத்தத்தில் எத்தனை விதம் உண்டோ அத்தனையும் அவனுக்கு அத்துப்படி. போன வருஷம் வந்து, “எனக்குப் பாட்டு கலக்கச் சொல்லிக் குடுங்க” என்றான். அவர் அவனை அண்ணே என்றார். அவன் அவரை மேடம் என்றான். யார் குரு, யார் சீடன் என்பதில் இருவருக்கும் குழப்பமே வரவில்லை.

அந்த ஹெட்போனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பொன்னரசு ஓட்டிக்கொண்டிருந்த பைக்கை விற்று அதை வாங்கினான். “வண்டியை வித்துத் தலையில மாட்டிக்கிட்டாரு” என்று அவன் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவனும் சேர்ந்து சிரிப்பான். அவனுக்கு அதில் அவ்வளவு பெருமை.

“சாதாரண ஹெட்போனுக்குள்ள ஒரு கூம்பு இருக்கும். நடுவுல தள்ளுனா ஓரம் கொஞ்சம் பின்தங்கி வரும். இதுல கூம்பே கிடையாது. முடியைவிட மெல்லிசா ஒரு படலம், ரெண்டு பக்கமும் காந்தம். அசைஞ்சா முழுப் படலமும் ஒண்ணா அசையும்.”

கேட்பவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்வான். கேட்காதவர்களுக்கும் சொல்வான். சலூனில் முடிவெட்டுகிறவர் கத்திரியைக் கையில் பிடித்தபடி முழுசும் கேட்டிருக்கிறார், பாவம்.

இப்போது அதைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தான். உள்பக்கம் மெத்தை. வெளிப்பக்கம் சல்லடைபோல் கறுப்புக் கம்பிவலை.

“ரூபன் சார் திரும்பவும் அனுப்பிட்டாரா?” ஜெய்னப் கேட்டார்.

“மூணாவது தடவை.”

ரூபன் இசையமைப்பாளர். பாட்டு ஒரு தாலாட்டு. ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில், கூட்டத்துக்கு நடுவே, ஒரு தாய் தன் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பாடுகிறாள். படத்தில் ரொம்ப முக்கியமான இடம் என்று சொல்லித்தான் பொன்னரசின் கையில் கொடுத்தார்.

“என்ன சொன்னார்?”

“சுத்தமா இருக்குன்னார். கண்ணாடி மாதிரி இருக்குன்னார். ஆனா தாலாட்டா இல்லைன்னார்.”

“சரி.”

“என்ன மேடம் சரி? இன்னிக்கு ஆறு மணிக்குள்ள சரியா வரலைன்னா பாட்டு வேற ஆள் கைக்குப் போயிடும்.”

சீரியலின் கடைசியில் அவன் பெயர் இருபது வருஷம் ஓடியது. ஓடியது என்றால் உண்மையாகவே ஓடியது, ஒருவரும் அதைப் படித்ததில்லை. சினிமாத் திரையில் ஒரு தடவை அது நின்று வர வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். அந்த ஆசையைப் பற்றி அவனுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஹெட்போனை அவரிடம் நீட்டினான்.

“நீங்களே போட்டுக் கேளுங்க. ஒரே ஒரு தப்பு கண்டுபிடிங்க, பார்ப்போம்.”

“எனக்கு வேணாம். வயர் சுத்தணும். நீங்க உட்கார்ந்து வழக்கம்போல வேலையப் பாருங்க.”

“இதான் பதிலா?”

“வேலையப் பாருங்க அண்ணே.”

பொன்னரசுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உட்கார்ந்தான். வேலை என்று வந்துவிட்டால் அவனுக்குக் கோபம் தங்காது.

கம்ப்யூட்டரில் பாட்டைத் திறந்தான். ஹெட்போனை மாட்டினான். உடனே கழற்றினான்.

“மேடம், ஜன்னலைச் சாத்தட்டுமா? தையல் மெஷின் சத்தம் உள்ள வருது.”

“வரட்டும்.”

“இந்த ஹெட்போன் வெளிச்சத்தத்தைத் தடுக்காது மேடம்.”

“தெரியும். வரட்டும்.”

மறுபடியும் மாட்டிக்கொண்டான். பாட்டை ஓடவிட்டான். நிறுத்தினான். பின்னால் போனான். ஓடவிட்டான். நிறுத்தினான். திரையை மூக்கு தொடுகிற அளவு குனிந்து எதையோ அழித்தான். மறுபடி ஓடவிட்டான். முகம் மலர்ந்தது.

“மேடம், ரெண்டாவது வரியில, ‘தூக்கம்’னு சொல்றதுக்கு முன்னாடி உதடு ஒட்டிப் பிரியற சத்தம். ஊசிமுனை அளவு. எடுத்துட்டேன். இதை எவன் கேட்டிருப்பான்?”

“ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க அண்ணே.”

அவன் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான்.

“இதென்ன, கடைசி வரியைக் கேட்டா அசந்துடுவீங்க. அங்க வரும்போது அந்தப் பொண்ணுக்கு மூச்சே போயிடுச்சு. வாய்க்குள்ளயே பாடி வெச்சிருக்கு. நான்தான் ஒவ்வொரு எழுத்தா தூக்கி நிறுத்தினேன். இப்ப ஒரு எழுத்து விழாது.”

“மூச்சு போயிடுச்சுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சா?”

“சொல்லணுமா என்ன? அந்த வரியைத் தனியா வெச்சுக் கேட்டா தெரியுதே.”

ஜெய்னப் சுற்றி முடித்த வயரை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

பொன்னரசு வேலையில் மூழ்கினான். அவன் வேலை செய்வதைப் பார்த்தால் யாருக்கும் மரியாதை வரும். தவறே தங்க முடியாத இடம் என்று ஒன்று இருந்தால் அது அவன் காதுகளுக்கு நடுவில்தான். மறுபடி ஒரு வரி. மறுபடி அதே வரி. தையல் மெஷினையும் மறந்தான், ஆறு மணியையும் மறந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து வேறொரு சத்தம் அவனைத் தொந்தரவு செய்தது. ஜெய்னப் பாடிக்கொண்டிருந்தார்.

“ஊரெல்லாம் தாண்டுது ரயிலு, உன் தூக்கம் எந்த ஸ்டேஷனில்…”

அங்கே நின்றார். வயரை ஒரு சுற்று சுற்றினார். மறுபடியும் பாடினார்.

“ஊரெல்லாம் தாண்டுது ரயிலு, உன் தூக்கம் எந்த ஸ்டேஷனில்…”

அங்கேயே நின்றார்.

நாலைந்து தடவை பொறுத்துப் பார்த்தான். பிறகு ஹெட்போனைக் கழற்றினான்.

“மேடம், இந்தப் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னும் வெளியவே வரலையே?”

“உங்க காதுலேருந்துதான் வருது.”

“என்னது?”

“அந்தச் சல்லடை வழியா. கொசு பாடற மாதிரி இங்க வரைக்கும் கேக்குது.”

பொன்னரசு ஹெட்போனைத் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு அது தெரியாத விஷயமா? உள்ளே வரும் சத்தம் வெளியேயும் போகும் என்று அவனே சலூனில் விளக்கியிருக்கிறான். மாட்டிக்கொண்ட பிறகு மறந்துபோயிற்று. தன் தலைக்குள் தான் மட்டும்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

“அதுசரி மேடம், பாடறதுதான் பாடறீங்க, ஏன் அங்கயே நிறுத்திடறீங்க?”

“நீங்க அங்கதானே அண்ணே நிறுத்தறீங்க.”

அவன் ஹெட்போனை மேஜைமேல் வைத்தான்.

“வந்ததுலேருந்து எனக்கு அவ்வளவுதான் கேட்டுச்சு. போன வாரம் பூராவும்கூட அப்படித்தான். ஒரு நாள் நடுவுல ஒரு வரி, ஒரு நாள் கடைசி வரி. முழுப்பாட்டு இன்னும் என் காதுக்கு வரலை.” வயரைக் கீழே வைத்தார். “அதனால உங்களைக் கேக்கறேன். தூக்கம் எந்த ஸ்டேஷன்ல ஏறுச்சு?”

“மேடம்?”

“அந்தப் பிள்ளை அழுதுகிட்டிருக்கு இல்ல? தூக்கம் எந்த ஸ்டேஷன்லன்னு அம்மா கேக்கறா. அப்புறம் என்ன ஆச்சு?”

பொன்னரசு வாயைத் திறந்தான்.

உதட்டுச் சத்தம் பாட்டில் எந்த நொடியில் இருந்தது என்று கேட்டிருந்தால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வான். புல்லாங்குழலுக்குப் பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்தியது எங்கே என்று சொல்வான். பிள்ளை என்ன ஆனது என்று அவனால் சொல்ல முடியவில்லை. பாட்டு கைக்கு வந்த அன்று முழுசாகக் கேட்டான், அதுவும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, தப்பு எங்கே என்று பார்த்துக்கொண்டே. அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

அவனுக்கு அவமானமாக இருந்தது. இத்தனை நாள் ஒரு பிள்ளை பக்கத்தில் அழுதிருக்கிறது, அவன் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

“சரியாத் தெரியலை மேடம்” என்றான்.

ஜெய்னப் எழுந்து வந்தார். திரையை அணைத்தார். மவுஸைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டார்.

“மேடம், நடுவுல ஒரு தப்பு காதுல பட்டா எப்படி நிறுத்தறது?”

ஜெய்னப் பாட்டை ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டு, கீபோர்டையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தார்.

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். வேறு வழியும் இல்லை.

ரயில் வந்தது. கூட்டம் வந்தது. பிள்ளை அழுதது. அவன் கைவிரல்கள் இல்லாத மவுஸைத் தேடின. முதல் சரணம் முழுக்கத் தேடிக்கொண்டே இருந்தன. ரயில் சத்தத்துக்கு மேலே எழுந்து அந்தப் பெண் பாடினாள். இரண்டாவது சரணத்தில் பிள்ளை விசும்பியது. அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். மூன்றாவது சரணத்தில் ரயில் ஏதோ பாலத்தைக் கடந்து மெதுவானது. பிள்ளையின் சத்தமே இல்லை. பொன்னரசு தன்னையறியாமல் கொஞ்சம் முன்னால் குனிந்தான்.

கடைசி வரி வந்தது.

“ஏறியாச்சு கண்ணே, தூக்கம் ஏறியாச்சு.”

ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று வந்தது. ஒன்றுகூட விழவில்லை.

பொன்னரசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹெட்போனைக் காதிலிருந்து பிடுங்கினான்.

“மேடம், மவுஸைக் குடுங்க.”

“தப்பு பட்டுச்சா?”

“குடுங்க மேடம்.”

கொடுத்தார். கீபோர்டையும் கொடுத்தார்.

அவன் கடைசி வரிக்குப் போனான். எழுத்து எழுத்தாகத் தூக்கி நிறுத்தியதையெல்லாம் எடுத்தான். அந்தப் பெண் பாடிக் கொடுத்தது எப்படியோ அப்படியே விட்டான். அழித்த உதட்டுச் சத்தத்தையும் திரும்ப வைத்தான். தானே திரையை அணைத்தான். முதலிலிருந்து ஓடவிட்டான்.

ஜெய்னப் வயர் சுற்றினார். சல்லடை வழியே ரயில் வந்தது, பிள்ளை வந்தது, பாட்டு வந்தது. மூன்றாவது சரணம் தொடங்கியபோது அவர் வயரைக் கீழே வைத்தார். எழுந்து போய்ச் சத்தமில்லாமல் ஜன்னலைச் சாத்தினார்.

பொன்னரசு பாட்டை அனுப்பியபோது மணி ஐந்தரை.

இருவரும் காத்திருந்தார்கள். அவனுக்குப் பயமாக இல்லை. ஏன் இல்லை என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

போன் அடித்தது. ரூபன். ஸ்பீக்கரில் போட்டான்.

“அரசு, என்ன இது? கடைசி வரி கேக்கவே இல்லையே?” ரூபனின் குரல் அறையெல்லாம் நிறைந்தது.

பொன்னரசு ஜெய்னப்பைப் பார்த்தான். அவர் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை தூங்கிடுச்சு சார்” என்றான்.

அந்தப் பக்கம் பாட்டு மறுபடி முதலிலிருந்து ஓடுவது லேசாகக் கேட்டது. அது முடிந்த பிறகு ரூபன் பேசினார். குரலை அப்படித் தாழ்த்தி அவர் பேசி பொன்னரசு கேட்டதே இல்லை.

“சரி. எழுப்பிடாதீங்க.”