சுள்ளி மறைத்த கால்

அந்தக் காலத்தில் நாய்க்கும் மனிதருக்கும் ஒரே பேச்சுதான். பசித்தால் நாய் பசிக்கிறது என்றது, வலித்தால் வலிக்கிறது என்றது. சின்ன நாயோ பெரிய நாயோ, எதுவானாலும் பாறைக்குப் பாறை தாவும். முழங்கால் சில்லு தன் குழியைவிட்டு அசைந்ததே இல்லை.

அப்போது மலைச்சரிவில் தினை விதைத்து வாழ்ந்த ஒரு கூட்டம் இருந்தது. ஒரு சரிவில் மண் களைத்துவிட்டால் அடுத்த மலைக்குப் போய்விடுவார்கள். அந்தப் பயணத்துக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். நடக்க முடியாத ஆடோ நாயோ பழைய காட்டிலேயே நின்றுவிட வேண்டும். மலையேறும் பெண்களுக்கு முதுகில் விதைக்கூடை, இடுப்பில் பிள்ளை. அதற்குமேல் யார் சுமப்பது? கேட்க நியாயமாகத்தான் இருக்கும், பின்னால் விடப்படுவது நாமாக இல்லாதவரை.

அந்தக் கூட்டத்தில் கொப்பாயி என்றொருத்தி இருந்தாள். அவளுடைய நாயின் பெயர் சுள்ளி, இரண்டு கைக்குள் அடங்கிவிடும் உருவம். தினை பால்பிடித்தால் இருவரும் உயரமான பரணில் ஏறிக் கிளி விரட்டுவார்கள். ஒரு மத்தியானம் கொப்பாயி கைப்பிள்ளையை மரநிழலில் தூளியில் போட்டுவிட்டுக் காட்டின் மறுகோடிக்குப் போயிருந்தாள். பரணில் சுள்ளி மட்டும்தான் இருந்தது. அப்போது புதரை விலக்கிக்கொண்டு ஒரு காட்டுப்பன்றி தூளியை நோக்கி வந்தது. ஏணியில் இறங்க நேரமில்லை. சுள்ளி பரணிலிருந்து குதித்தது.

பன்றியின் மூக்கைக் கவ்விய பிடியை அது எளிதில் விடவில்லை. கொப்பாயி கூச்சலிட்டு ஓடிவந்து சேர்வதற்குள் பன்றி உதறிக்கொண்டு ஓடிப்போயிற்று. பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தது. ஆனால் விழுந்த வேகத்தில் சுள்ளியின் பின்னங்கால் சில்லு குழியைவிட்டு நழுவி, பிறகு தானாக உள்ளே போயிருந்தது.

"எங்கயாச்சும் அடிபட்டுச்சா சுள்ளி?" என்று கொப்பாயி கேட்டாள்.

"இல்லக்கா" என்றது சுள்ளி.

நாய் சொன்ன முதல் பொய் அதுதான்.

அதற்குப் பிறகு ஓடும்போதெல்லாம் சில்லு நழுவியது. சுள்ளி அந்தக் காலை மடக்கிக்கொண்டு மூன்று காலில் துள்ளும், ஒரு உதறு உதறும், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும். கூட்டத்தார் அதை ஆட்டம் என்று நினைத்தார்கள். "புள்ளையக் காப்பாத்துன பெருமையில ஆடுது பாரு!" என்று கைதட்டி, வீட்டுக்கு வீடு தினைமாவில் தேன் விட்டு உருட்டிப் போட்டார்கள். துள்ளினால் இன்னொரு உருண்டை. சுள்ளி கொழுத்தது. கொழுக்கக் கொழுக்கச் சில்லு அடிக்கடி நழுவியது. நன்றியாலேயே அதன் காலைக் கெடுத்தார்கள், பாவிகள்.

அறுவடை முடிந்து காடு மாறும் நாள் வந்தது. செங்குத்தான ஏற்றம். வரிசையின் கடைசியில் வந்த சுள்ளி துள்ளியது, உதறியது, மறுபடியும் உதறியது. இந்த முறை சில்லு உள்ளே போகவில்லை.

கூட்டத்தின் மூப்பர் சடையன் திரும்பிப் பார்த்தார். "யாரும் நிக்காதீங்க. அது இந்தக் காட்டோட இருக்கட்டும்."

கொப்பாயி கேட்காமல் இறங்கி வந்தாள். சுள்ளி அவசரமாகக் காலை வயிற்றுக்கடியில் ஒளித்துக்கொண்டது. "நீ போக்கா. ஒரு மோப்பம் புடிச்சுட்டு வந்துடறேன்."

அவள் அந்தக் காலைத் தொட்டாள். சுள்ளியின் உடம்பு முழுக்க நடுங்கியது.

"எப்ப இருந்து இப்படி?"

"பன்னி வந்த அன்னைக்கு இருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டுட்டுப் போயிருவீங்களே."

கொப்பாயிக்கு அழுகை வந்துவிட்டது. காலை மெல்ல நீட்டிப் பிடித்துக் கட்டைவிரலால் சில்லை அதன் இடத்துக்கு நகர்த்தினாள். பிறகு விதைக்கூடையைப் பாதையோரம் இறக்கி வைத்துவிட்டுச் சுள்ளியை முதுகில் சேலையால் கட்டிக்கொண்டாள்.

"விதைய விட்டுட்டு நாயையா தூக்குற? வருசம் பூரா என்னத்தத் தின்பே?" என்றார் மூப்பர்.

"நடக்காதத விட்டுட்டுத்தான் போகணும்னா, மூப்பரே, என் இடுப்புல இருக்கறதும் நடக்காது. இதையும் இங்கயே விட்டுரவா?"

அந்தப் பிள்ளை உயிரோடு இருப்பது யாரால் என்று அவருக்குத் தெரியும். இறங்கி வந்து, கூடையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

புது மலையில் கொப்பாயி சுள்ளிக்குக் கைப்பிடிச் சோற்றுக்குமேல் போடவில்லை, மற்றவர்களையும் போட விடவில்லை. வழுக்குப் பாறையில் ஓடவிடாமல் காலைதோறும் மண்பாதையில் மெதுவாக நடத்தினாள். தொடை இறுகினால் சில்லு நிற்கும் என்று அவளுக்குப் பட்டது. பரணில் தானே தூக்கி ஏற்றினாள், தானே தூக்கி இறக்கினாள்.

"எம்மேல கோவமாக்கா? சோறு கொறஞ்சு போச்சே" என்று சுள்ளி ஒருநாள் கேட்டது.

"கோவம் இருந்தா நெறையப் போட்டிருப்பேன்" என்றாள் கொப்பாயி.

கால் முழுதாகக் குணமாகவில்லை. ஆனாலும் சுள்ளி சாகும்வரை தன் காலில் நடந்தது. அதன் குட்டிகளுக்கு அந்த முழங்காலும் வந்தது, அந்தப் பொய்யும் வந்தது. காலப்போக்கில் நாய்களுக்குப் பேச்சு போன பிறகும் பொய் போகவில்லை.

அன்று முதல்தான் சின்ன நாயைக் கட்டிலிலிருந்து கையால் தூக்கி இறக்குகிறோம். அன்று முதல்தான் அதுவும் ஓட்டத்தின் நடுவே ஒரு பின்னங்காலை மடக்கி, நாம் பார்ப்பதற்குள் உதறி ஊன்றிக்கொண்டு, ஒன்றுமில்லை என்பதுபோல் நம்மை நோக்கி ஓடி வருகிறது. விட்டுவிட்டுப் போய்விடுவோம் என்ற பயம் அதற்கு இன்னும் போகவில்லை.