ராயப்பன் அணைச்ச குண்டு

பரங்கிமலையில ராயப்பன்னு ஒரு பீரங்கிப் படை சுபேதார் இருந்தாராம். ம் கொட்டிக்கிட்டே கேளு, நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன். சுபேதார்னா நம்மூர் சிப்பாய்ங்களுக்கு அதிகாரி. நம்ம பக்கம் ரயிலே வராத காலம் அது.

வெள்ளக்காரத் தொரைங்க அவரு படையக் கப்பல்ல ஏத்தி, கடல் தாண்டி ஒரு சண்டைக்கு அனுப்புனாங்க. எறங்குனா ஒரே மழை, சொதசொதன்னு சேறு. பீரங்கிச் சக்கரம் பொதக்குன்னு அச்சு வரைக்கும் எறங்கிருச்சு. அத இழுத்த மாடுங்க படுத்துருச்சு. வேலாண்டின்னு ஒருத்தன், பீரங்கியில வெடிமருந்து திணிக்கிறவன், "விட்டுட்டுப் போயிரலாம்யா"ன்னான். "பீரங்கிய விட்டுட்டு நாம போயி என்னடா பண்றது? மூங்கில வெட்டு"ன்னார் ராயப்பன். மூங்கிலப் பரப்பி, ஏலேலோன்னு இழுத்து ஏத்திட்டாங்க. ம்?

அப்புறம் ஒரு ஆறு. மார் அளவு தண்ணி, சலசலன்னு ஓடுது. மருந்து நனைஞ்சா பீரங்கி வெறும் இரும்புதானே. ராயப்பன் ஒரு பெட்டியத் தலையில வச்சுக்கிட்டு முதல் ஆளா எறங்கிட்டார். அதிகாரியே எறங்கிட்டா மத்தவங்க நிப்பாங்களா? எல்லாப் பெட்டியும் நனையாமக் கரை ஏறிச்சு.

அப்புறம் சண்டை. டமார் டமார்னு எதிரி கோட்டையிலேருந்து குண்டு வருது. வேலாண்டிக்குக் கால்ல அடி. அவனத் தூக்கி மருந்துப் பெட்டிங்க பக்கத்துல சாய்ச்சு வச்சாங்க. அப்போ மேலேருந்து ஒரு குண்டு தொப்புன்னு அந்தப் பெட்டிங்க நடுவுல விழுந்துச்சு. வெடிக்கல. திரி மட்டும் உஸ்ஸ்ஸுன்னு எரியுது. எல்லாரும் ஓடுனாங்க. ராயப்பனும் கொஞ்ச தூரம் ஓடிட்டார், ஆமா. அப்போ வேலாண்டி மெதுவா, "நீங்க போயிருங்கய்யா, எனக்குக் கால் வராது"ன்னான்.

ராயப்பன் நின்னார். திரும்பி வந்தார். கொதிக்கிற குண்ட ரெண்டு கையாலயும் வாரி, நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, குடுகுடுன்னு ஓடி, மழைத்தண்ணி நின்ன பள்ளத்துல போட்டார். புஸ்ஸ்ஸ். திரி அணைஞ்சு போச்சு.

"கை எரியுதாய்யா?"ன்னான் வேலாண்டி.

"எரியுது. உன் காலு?"

"வலிக்குதுய்யா."

"அப்ப ரெண்டு பேரும் உசுரோட இருக்கோம்"னார்.

கோட்டையப் புடிச்சப்புறம் பெரிய தொரை பதக்கம் குத்த வந்தார். ராயப்பனுக்கு ரெண்டு கையிலயும் கட்டு, சலாம் வைக்க முடியல. வெறைப்பா நிமிந்து நின்னார். தொரை அந்தக் கட்டப் பாத்தார். பாத்துட்டு, தானே முதல்ல சலாம் வச்சார்.

அப்புறம் ஊருக்கு வந்து சேந்தார். கட்டு அவுத்தாச்சு, ஆனா விரல் இன்னும் மடங்கல. மக ஞானம்மா ஓடி வந்து பதக்கத்தத் தொட்டுப் பாத்தா. அப்புறம் அப்பா கையப் பாத்தா. உள்ள போயி ரசஞ்சோறு பெசைஞ்சு கொண்டாந்து, "ஆ காட்டுப்பா"ன்னா.

தொரையே சலாம் வச்ச சுபேதாரு, சமத்தா ஆ காட்டினார்.

எங்க, ம் சத்தத்தையே காணோம்? சரி சரி, ராயப்பனும் சாப்ட்டுப் படுத்தாச்சு. நீயும் கண்ண மூடிக்கோ.