இலுப்பைப் பூவை ஏற்காத நீர்நாய்

ஆற்றங்காட்டில் நீலவேணி என்றொரு நீர்நாய் இருந்தது. குளம் அமைப்பதிலும் மீன் வளர்ப்பதிலும் அதை மிஞ்ச ஆளில்லை. பக்கத்து மலைக்காட்டில் தண்ணீர்ப் பஞ்சம். அந்தக் காட்டின் தலைவனான கொடுவாயன் என்ற சிறுத்தை அதை அழைத்தது. ஒரு குளம் வெட்டிக் கொடுத்தால் பத்து வருடத்துக்குப் பாதி மீன் தருவதாகச் சொன்னது. தகராறு வந்தால் மூன்றாவது காட்டில் வாழும் பிடியானை அங்கம்மாள் சொல்வதே தீர்ப்பு என்று இரண்டும் ஒப்புக்கொண்டன.

ஆற்றங்காட்டில் சிப்பிதான் காசு. மலைக்காட்டில் இலுப்பைப் பூதான் காசு. நீலவேணி தன் கூட்டம் பல வருடமாகச் சேர்த்து வைத்த முந்நூறு சிப்பியை அந்தக் குளத்தில் போட்டது. முள்ளம்பன்றிகளைக் கூலிக்கு அழைத்து வந்து வெட்டியது. மூன்றாம் வருடம் குளம் நிறைய மீன் துள்ளியது.

சிறுத்தைக்கு ஆசை வந்தது. ஒரு காலையில் கரையெங்கும் நரிகளை நிறுத்தி, குளம் இனி மலைக்காட்டின் சொத்து என்று அறிவித்து, நீலவேணியை விரட்டிவிட்டது.

வழக்கு அங்கம்மாளிடம் போனது. இரு தரப்பையும் கேட்ட யானை, பறித்த அன்று குளத்தின் மதிப்பு அறுநூறு சிப்பி என்றும், அதை ஈடாகக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. சிறுத்தை மறுக்கவே இல்லை.

"கொடுக்கிறேன். குளம் என் காட்டில் இருக்கிறது. அதனால் என் காட்டுக் காசில் கொடுக்கிறேன். பறித்த அன்று ஒரு சிப்பிக்குப் பத்துப் பூ. இதோ ஆறாயிரம் பூ."

குளத்தைப் பறித்த பிறகு சிறுத்தை காட்டிலுள்ள இலுப்பை மரங்களையெல்லாம் உலுக்கச் சொல்லியிருந்தது. காடு முழுக்கப் பூ. இப்போது ஒரு சிப்பி வாங்க நூறு பூ வேண்டும். குவித்து வைத்த பூவோ பழுப்பேறிப் புளித்து நாறியது.

நீலவேணியோடு வந்த முள்ளம்பன்றி அதன் காதருகே குனிந்தது. "அக்கா, கிடைச்சதை வாங்கிக்கிட்டுப் போயிடலாம். முறைச்சா இதுவும் கிடைக்காது."

நீலவேணிக்கும் பயமாகத்தான் இருந்தது. கடைசிச் சிப்பி வரை எடுத்துக் கொடுத்த கூட்டம் ஆற்றங்கரையில் காத்திருக்கிறது. ஆனாலும் அது பூக்குவியலிடம் போகவில்லை. இதைத் தொடமாட்டேன் என்றது.

சிறுத்தை உறுமியது. இன்றைய விலைக்கே அறுபதாயிரம் பூ தருவதாகச் சொன்னது.

"நான் ஆற்றங்கரை போய்ச் சேருவதற்குள் இன்னும் பத்து மரத்தை உலுக்குவீர்கள். உலுக்குவது நீங்கள், நஷ்டம் மட்டும் எனக்கா?" என்ற நீலவேணி யானையின் பக்கம் திரும்பியது. "அம்மா, இன்று காலை இங்கே வர இவருடைய எல்லையைத் தாண்டினேன். சுங்கம் கேட்டார்கள். இலுப்பைப் பூ நீட்டினேன். காவல் நரி அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு சிப்பி கொடுத்த பிறகுதான் வழிவிட்டது."

உண்மையா என்று யானை கேட்டது. சிறுத்தையின் பின்னால் நின்ற நரி தலையைத் தாழ்த்திக்கொண்டது. சுங்கம் எப்போதும் சிப்பியில்தான் வாங்கச் சொல்லி உத்தரவு என்று முனகியது.

அங்கம்மாள் எழுந்து நின்றது. "இவள் போட்டது சிப்பி. இழந்ததும் சிப்பி. பறித்த அன்றைய மதிப்பு அறுநூறு. அதை அப்படியே சிப்பியில் கொடு."

"கொடுக்காவிட்டால்?"

"ஆற்றங்காட்டு உப்பும் எங்கள் காட்டுத் தேனும் இனி உன் எல்லைக்குள் வராது."

மூன்றாம் நாள் சுங்கக் கிடங்கிலிருந்து அறுநூறு சிப்பியும் வந்து சேர்ந்தன. நீலவேணி ஒவ்வொன்றாக எண்ணி மூட்டை கட்டியது. அதற்குள் குளத்தில் பாசி படர்ந்து மீன்கள் செத்து மிதக்கத் தொடங்கியிருந்தன. சிறுத்தை குரலைத் தாழ்த்தி, திரும்பி வந்து குளத்தைப் பார்த்துக்கொண்டால் முக்கால் பங்கு தருவதாகச் சொன்னது.

"குளம் உங்களுடையது என்று நீங்கள்தானே அறிவித்தீர்கள்? நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றது நீலவேணி. மூட்டையைத் தூக்கி முள்ளம்பன்றியின் பக்கம் ஒரு முனையைக் கொடுத்துவிட்டு, சிறுத்தைக்கு முன்னாலேயே தலை நிமிர்ந்து நடந்தது.

பறித்தவன் தன் கையில் வாங்க மறுக்கும் காசை, பறிகொடுத்தவர் ஈடாக ஏற்க வேண்டியதில்லை.