ஏழு டம்ளர்

அன்று திராட்சைத் தோட்டத்தில் இருந்தவர்கள் ஏழு பேர்: சாறு பிழியும் மெஷினுக்குச் சீல் வைக்க வந்த அதிகாரி, அவருடைய எழுத்தர், ஜீப் டிரைவர், ஊர்த் தலையாரி, புகார் கொடுத்த சோடா கம்பெனி வீரணன், தோட்டக்காரர் ராயப்பன், அவரிடம் வேலை பார்க்கும் ஒச்சாயி.

காலையில் பறித்த பழம் கூடை கூடையாகக் கிடந்தது. அன்றே பிழியாவிட்டால் அழுகிவிடும்.

“விளைநிலத்துல சொந்தப் பழத்தைப் பிழியலாம். கடை போட்டு ஊத்திக் கொடுக்கக் கூடாது. அதுதான் சட்டம்,” என்றார் அதிகாரி.

வீரணன் கொட்டகை அலமாரியைக் காட்டினார். “ரெண்டு பேருக்கு ஏழு டம்ளர் எதுக்குங்க? கடைதான் நடக்குது!”

“பதில் சொல்லுங்க. இல்லேன்னா மெஷினுக்குச் சீல்தான்,” என்றார் அதிகாரி ராயப்பனிடம்.

ஒச்சாயி ஏழு டம்ளரையும் இறக்கி, ஏற்கெனவே பிழிந்து வைத்திருந்த சாற்றை ஊற்றத் தொடங்கினாள்.

“ஊத்தாதே தாயி, மாட்டிவிட்டுறாதே,” என்று முணுமுணுத்தார் ராயப்பன்.

“வெயில்ல வந்திருக்காக மொதலாளி. குடிங்கய்யா, பதில் அப்புறம்.”

அதிகாரி ஒரே மூச்சில் குடித்தார். மற்றவர்களும் ஒச்சாயியும் குடித்தார்கள், ராயப்பன்கூடக் குடித்து வைத்தார். வீரணன் மட்டும் தொடவில்லை.

“இப்போ சொல்லும்மா, ஏழு டம்ளர் எதுக்கு?” என்றார் அதிகாரி.

“நீங்க கடைக்கு வந்தீகளா, விருந்தாளியா வந்தீகளாய்யா? கடைன்னா, இங்கன குடிச்சவுக பேரை உங்க பேர்ல இருந்து ஆரம்பிச்சு எழுதச் சொல்லுங்க. விருந்துன்னா, தலையை எண்ணிக்கங்க. ஒரு டம்ளர்கூட அதிகமில்ல.”

எழுத்தர் பேனாவை மூடினார். அதிகாரி மீசையைத் துடைத்துக்கொண்டு, “விருந்துதான்,” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஒச்சாயி கழுவ எடுத்தபோது ஆறு டம்ளர் காலி. வீரணனுடையது மட்டும் நிறைந்தபடி இருந்தது. மீதி ஒன்று, விருந்துக்கு வராதவருடையது.