தாள் நீதான் கொண்டாரணும்

என் மனைவி ஞானப்பூவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஓர் அரசு அலுவலகக் கொள்முதல் அதிகாரியின் முகத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளும் ஒன்பது பெண்களும் ஒரு கூடத்தில் கழிவுத்தாளை ஊறவைத்து அரைத்துப் புதுத்தாள் செய்தார்கள். அந்த அதிகாரியின் அலுவலகத்துக் குப்பையும் அதில் சேரும். அவர் ஆர்டர் கொடுக்காவிட்டால் கூடத்தை மூட வேண்டிய நிலை. இருவரும் போனோம்.

நாங்கள் மாதிரிக்குக் கொண்டுபோன தாள்கட்டை அவர் தொடக்கூட இல்லை.

“குப்பையில செஞ்ச தாளாம்மா? பேனா பட்டாலே மை பரவும். ஆபீசுக்கு ஆகாது.”

“சரிங்க சார். அதையே எழுதிக் கொடுத்திடுங்க. கூட இருக்கிற பொம்பளைங்களுக்குக் காட்டணும்.”

“எழுதித் தர்றேன். தாள் நீதான் கொண்டாரணும்.”

அங்கே எதை எழுதி வாங்கினாலும் அதுதான் வழக்கம். அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அவர் பச்சை மைப் பேனாவால் ‘மை பரவும், ஏற்க இயலாது’ என்று எழுதி, நீளமாகக் கையெழுத்தும் போட்டார்.

ஞானப்பூ அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். “இதுவும் எங்க தாள்தான் சார். ஒரு புள்ளிகூடப் பரவலையே!”

குமாஸ்தாக்கள் சிரித்துவிட்டார்கள். பியூன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

அதிகாரி சிரிக்கவில்லை. “தாள் நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணு வருஷம் ஆபீசுகளுக்கு சப்ளை செஞ்சவங்ககிட்டதான் வாங்கணும். அது விதி.”

“யாராவது முதல்ல வாங்கினாத்தானே சார் மூணு வருஷம் ஆகும்?”

அவர் அடுத்த கோப்பை எடுத்துப் பிரித்தார். ஆர்டர் கிடைக்கவில்லை.

அடுத்த தை மாதம் கூடத்தை மூடினோம். அந்த அலுவலகத்தின் பழைய தாள்களை இப்போது காம்பவுண்டுக்குப் பின்னால் போட்டு எரிக்கிறார்கள்.