வெள்ளை மண்மேடு

கார்வே என்னும் தீவு நாட்டுக்கும் பிரெஞ்சு நாட்டுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. இரு பக்கமும் களைத்துப்போன ஒரு காலத்தில், பிரெஞ்சு மன்னர் தம் இளைய மகள் கிளெமான்ஸைக் கார்வே இளவரசன் எட்மருக்கு மணமுடித்துக் கொடுத்தார். அவளுக்குப் பதினைந்து வயது, அவனுக்குப் பதினேழு. இருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மணமேடையில் இரு நாட்டாரும் ஆணையிட வேண்டும். 'இளவரசி கார்வேயில் உயிரோடு இருக்கும் வரையில் போர் இல்லை' என்பதுதான் தலைமைக் குரு முதலில் அமைத்த வாசகம். மணநாளில் உயிரைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று கார்வேப் பெண்கள் முகம் சுளித்தார்கள். குருவும் அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டார். 'இளவரசி கார்வேயில் இருக்கும் வரையில் போர் இல்லை' என்று எல்லோரும் உரக்கச் சொல்லி முடித்தார்கள்.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. பிறந்த வீட்டுத் தூசி புகுந்த வீட்டுக்கு வரலாகாது. எனவே கிளெமான்ஸ் கப்பலை விட்டு இறங்கியதும் அவளுடைய உடை, சீப்பு, காலணி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, நகக்கண் வரை தேய்த்துப் பாதங்களைக் கழுவினார்கள். கூட வந்த தோழி பெரினுக்கும் அதே கதிதான்.

அன்றிலிருந்து இளவரசிக்கு ஓர் இடத்தில் கால் தரிக்கவில்லை. விருந்தில் பாதியில் எழுவாள், சன்னலுக்குப் போவாள், திரும்புவாள், மறுபடி போவாள். "இவருக்குக் காலில் சக்கரம். கழுவும்போது அதை மட்டும் கழற்ற மறந்துவிட்டார்கள்" என்று பெரின் கேலி செய்வாள். எட்மர் சிரிக்கமாட்டான். அந்தப் பெண்ணை எப்படி அமர்த்துவது என்று தெரியாமல் அவனும் பின்னாலேயே அலைந்தான்.

அவள் நின்ற இடம் ஒன்றே ஒன்று. கம்பளி ஏற்றிப்போக வரும் பிரெஞ்சுக் கப்பல்கள் வெறுமையாக வந்தால் அலையில் கவிழ்ந்துவிடும். அதனால் தங்கள் கரையிலேயே மண்ணை வாரி அடித்தட்டில் நிரப்பிக்கொண்டு வந்து, கார்வேத் துறையில் கொட்டிவிட்டுக் கம்பளியை ஏற்றும். தீவெங்கும் கரிசல், கொட்டிய மண்ணோ சுண்ணாம்பு வெளுப்பு. ஆண்டாண்டாய்ச் சேர்ந்து அது ஒரு மேடாகியிருந்தது. இளவரசி காலணியைக் கழற்றிவிட்டு அதன்மேல் போய் நிற்பாள். "அரண்மனைத் தோட்டம் போதாதென்று கப்பல் குப்பையில் உலவ வருகிறார்" என்று துறைக்காரர்கள் அவள் காதுபடவே பேசினார்கள். எட்மர் ஒருமுறை காரணம் கேட்டான்.

"இங்கே கால் சும்மா இருக்கிறது" என்றாள் அவள்.

இரண்டாம் குளிர்காலத்தில் காய்ச்சல் வந்தது. படுக்கையிலும் அவள் புரண்டுகொண்டே இருந்தாள். கடைசியில் கணவனின் கையைப் பற்றி, "என்னை என் நாட்டு மண்ணில் படுக்க வையுங்கள். வேறொன்றும் வேண்டாம்" என்றாள். அவன் வாக்குக் கொடுத்தான். விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

கார்வேப் படைத்தலைவருக்கு அன்றைக்கே வாள் துருதுருத்தது. இளவரசி இறந்தாள், ஆணையும் இறந்தது என்றார் அவர். குரு மறுத்தார்: 'உயிரோடு' என்ற சொல்லை எடுத்தது எடுத்ததுதான், உடல் இங்கே இருந்தால் இளவரசி இங்கே இருக்கிறாள், உடல் தீவை விட்டுப் போனால் ஆணையும் கூடவே போகும். பிரெஞ்சுத் தூதரோ கப்பலோடு வந்து நின்று, வாக்குக் கொடுத்தபடி எங்கள் பெண்ணைக் கொடுங்கள் என்று கேட்டார். படைத்தலைவரும் கொடுத்துவிடலாம் என்றார், மீசைக்குள் சிரித்தபடி.

"செத்தவளுக்குச் சொன்ன சொல்லை யாரப்பா வந்து கேட்கப் போகிறார்கள்? அரண்மனைக் கோயிலிலேயே புதைத்துவிடு. ஊர் பிழைக்கட்டும்" என்றார் எட்மரின் தந்தையான அரசர்.

எட்மரால் உட்கார முடியவில்லை. சன்னலுக்குப் போனான்; திரும்பினான்; மறுபடி போனான். வாக்கைக் காத்தால் ஆயிரம் வீடுகளில் இழவு. ஊரைக் காத்தால், ஒன்றே ஒன்று கேட்டவளுக்கு அதையும் இல்லையென்ற பழி. அப்போது பெரின் இளவரசியின் காலணிகளோடு வந்தாள். "துடைத்து வைக்கச் சொன்னார்கள். எனக்குக் கை வரவில்லை" என்றாள். அவற்றின் உட்புறத்தில் ஒட்டியிருந்ததை எட்மர் விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு அவைக்கு நடந்தான்.

"அவள் தீவை விட்டுப் போகமாட்டாள். நான் வாக்கும் தவறமாட்டேன்" என்றான்.

அவன் சொன்னபடியே அடக்கம் நடந்தது, போர் மூளவில்லை. ஆனால் தூதர், இது சொல்லை வைத்து ஆடிய ஏமாற்று என்று குற்றம் சாட்டினார். எட்மர் அவளை எங்கே படுக்க வைத்தான்? தூதர் சொன்னது சரியா, எட்மர் செய்தது சரியா?

விடை: துறையிலுள்ள வெள்ளை மேட்டில். இடம் கார்வே, மண் பிரெஞ்சு. ஆணையும் நின்றது, வாக்கும் நின்றது. எட்மர் செய்ததே சரி. சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள இடம் தேடியிருந்தால் அது ஏமாற்றுதான். அவன் தேடியது அவளுடைய கால் தரித்த இடத்தை. அதை அவளே தினமும் நின்று காட்டியிருந்தாள். தூதர் குனிந்து ஒரு பிடி அள்ளினார். அது அவர் ஊர்க் கரையின் மண். அதை அவள்மேலேயே தூவிவிட்டு அவர் கப்பலேறினார். கம்பளிக்கு வந்த கப்பல்கள் வழக்கம்போல அங்கேதான் மண்ணைக் கொட்டின. ஆனால் கூடை கூடையாக, மெதுவாக.